நூற்றுப்பதினேழாம் பறவை

ஜனவரி 3

பறவைகளுக்கென்று ஒரு நோட்டு இருக்கிறது. எடை, இறக்கை நீளம், வளைய எண் எல்லாம் அதில் ஏறும். பறவைகளுக்குத் தெரிய வேண்டாத விஷயங்களை எழுத இந்த டைரி.

கோடியக்கரையில் ஓர் ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறோம். முன்னறை ஆய்வகம், பின்னறை எனக்கு, நடுவில் வலைகள் காய்கின்றன. நான் இளஞ்சேரன், பிஎச்.டி. ஆறாம் வருஷம். காட்டுப் பறவைகளின் ரத்தத்தில் குடியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கண்டுபிடித்து இனம் பிரிப்பது என் வேலை. பறவையை வலையில் பிடித்து, இறக்கைக்கு அடியில் ஓடும் நரம்பை ஊசியால் தொட்டு, ஒரு துளி ரத்தத்தை ஸ்லைடில் மெல்லியதாக இழுத்துவிட்டு, பறவையைப் பறக்க விட வேண்டும். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா, "அதுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று பறவையைப் பற்றிக் கேட்டார். எனக்கு ஏதாவது ஆகுமா என்று யாரும் கேட்கவில்லை.

நூற்றைம்பது பறவைகள் வேண்டும். நூற்று நான்கு ஆகிவிட்டது. வனத்துறை அனுமதி இருபதாம் தேதியோடு முடிகிறது. இதற்குள் ஆறுமணிக் குருவி ஒன்றாவது கிடைத்தே தீர வேண்டும் என்று கைடு ஆவுடையப்பன் சார் சொல்லியிருக்கிறார். மாநாட்டுக்கு அனுப்பிய சுருக்கத்தில் அதையும் சேர்த்து எழுதிவிட்டாராம். எழுதியது அவர், பிடிக்க வேண்டியது நான்.

இன்று புது லேப் டெக்னீஷியன் சேர்ந்தார். பெயர் ஜெசிந்தா, வேளாங்கண்ணிக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒன்பது வருஷம் மலேரியா ஒழிப்பில் மனித ரத்தம் பார்த்தவர். பறவை ரத்தம் பார்ப்பது இதுதான் முதல் தடவை. முதல் ஸ்லைடைப் பார்த்ததும் நிமிர்ந்து, "சார், எல்லா செல்லுலயும் நடுவுல என்னமோ இருக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன். மனிதருடைய சிவப்பணுவில் கரு கிடையாது, பறவையின் சிவப்பணுவில் கரு உண்டு என்பதை அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினேன். இதை மட்டும் வாழ்நாளில் மறக்காதீர்கள் என்றும் சொல்லிவைத்தேன். அவர் வேர்க்கடலையை உரித்துத் தின்றபடி கேட்டுக்கொண்டார்.

ஜனவரி 4

சாயங்காலம் திடீரென்று குளிர். பல் கிட்டிப்போயிற்று. பிறகு உடம்பெல்லாம் சூடு, அதற்கப்புறம் பனியன் நனைகிற வேர்வை. ஓட்டல் தேங்காய்ச் சட்னி காலையிலேயே லேசாக ஊசிப்போயிருந்தது. அதுதான்.

ஜனவரி 5

உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. ஏழு இட்லி சாப்பிட்டேன்.

ஜெசிந்தா மேடம் வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். ஒட்டுண்ணி செல்லின் கருவைச் சுற்றி அணைத்தாற்போல் கிடந்தால் ஹீமோபுரோட்டியஸ். கருவை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் பிளாஸ்மோடியம், அதாவது மலேரியாக் கிருமி. செல்லையே உருத்தெரியாமல் ஊத வைத்திருந்தால் லூக்கோசைட்டோசூன். நான் சொல்லச் சொல்ல அவர் தன் நோட்டில், "வீட்டுக்காரரோடு அனுசரித்துப் போகும் குடித்தனக்காரர், வீட்டுக்காரரை ஓரங்கட்டும் குடித்தனக்காரர், வீட்டையே இடிக்கும் குடித்தனக்காரர்" என்று எழுதிக்கொண்டார். என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் இதையே நாற்பது பக்கத்தில் சொல்கிறது.

ஸ்லைடுகளை அன்றன்றைக்கே மெத்தனாலில் நனைத்துச் சாயம் போட்டுப் பூட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். எறும்புக்கு ரத்தப் பூச்சு என்றால் உயிர். போன மாதம் பாம்பன் பக்கம் வலை கட்டியபோது இரண்டு ஸ்லைடை எறும்பு தின்றது, என்னைக் கொசு தின்றது.

ஜனவரி 6

மூன்றரை மணிக்கு மறுபடியும் குளிர். இன்று சட்னியைத் தொடவே இல்லை, சாம்பார்தான் ஊற்றிக்கொண்டேன். ஆக, அந்த ஓட்டலில் சாம்பாரும் சரியில்லை.

ஜனவரி 8

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு வலை விரித்தோம். மூன்றரைக்கு மூன்றாம் வலையின் அடிப் பையில் பச்சையாக ஏதோ துள்ளியது. கிட்டே போனால் ஆறுமணிக் குருவி. கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, பச்சை முதுகு, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. ஆறு வருஷத்தில் என் கைக்கு வந்த முதல் ஆறுமணிக் குருவி. வலைக்காரர் சந்தனசாமி அண்ணன் அதை நோகாமல் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, கடைசி வலையைப் பார்க்கப் போனார்.

எடை போட்டேன். இறக்கை அளந்தேன். 117 என்று ஸ்லைடில் கீறினேன். இறக்கையை விரித்து ஊசியைக் கொண்டுபோன நேரத்தில் எனக்குக் குளிர் எடுத்தது. சந்தோஷத்தில் இப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கை தூக்கிப்போட்டது. குருவி ஓர் உதறு உதறிவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

ஊசி என் இடது கை ஆள்காட்டி விரலில் ஏறியிருந்தது. அங்கே ஒரு துளி ரத்தம் உருண்டையாக நின்றது. எதிரில் 117 எண் போட்ட சுத்தமான ஸ்லைடு. எடையும் அளவும் நோட்டில் ஏறிவிட்டன. ரத்தம் மட்டும்தான் பாக்கி. ரத்தமும் இருந்தது.

பூச்சு நன்றாக வந்தது. இவ்வளவு சீராக நான் இழுத்ததே இல்லை. சந்தனசாமி அண்ணன் திரும்பி வந்து குருவியை விட்டாயிற்றா என்று கேட்டார். விட்டாயிற்று என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

யோசித்துப் பார்த்தால் யாருக்கும் கெடுதல் கிடையாது. பாதிப் பறவைகளின் ரத்தத்தில் ஒன்றுமே இருப்பதில்லை. என் ரத்தத்திலும் ஒன்றும் இருக்காது. ஆறுமணிக் குருவி, நெகட்டிவ் என்று ஒரு வரி. கைடுக்கும் நிம்மதி.

ஜனவரி 9

பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஞாபகம் வந்தது. மனிதருடைய சிவப்பணுவில் கரு கிடையாது.

பேஸ்டை விழுங்கிவிட்டேன்.

ஓடிப்போய்ப் பார்த்தால், நேற்றுச் சாயங்காலமே எல்லாவற்றுக்கும் சாயம் போட்டு இரும்புப் பெட்டியில் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் வைத்துவிட்டார் ஜெசிந்தா மேடம். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர்களால்தான் நமக்கு ஆபத்து. மற்ற ஊழியர்கள் என்றால் இரண்டு நாள் போட்டு வைத்திருப்பார்கள், எறும்பு தின்றிருக்கும், நானும் பிழைத்திருப்பேன்.

ஜனவரி 10

பயம் வந்தால் உடம்பு நடுங்கும் என்று படித்திருக்கிறேன். இரண்டு போர்வை, ஒரு கோணிச் சாக்கு அளவுக்கு நடுங்கும் என்று படிக்கவில்லை.

ஜனவரி 11

இன்று தெம்பாக இருந்ததால் கணக்குப் போட்டேன். மேடம் அறுபத்தொன்றாம் ஸ்லைடு வரை பார்த்திருக்கிறார். ஒரு நாளைக்கு ஏழு. பொங்கலுக்கு இரண்டு நாள் லீவு. அப்படிப் பார்த்தால் 117ஐ இருபத்தொன்றாம் தேதி பார்ப்பார். பத்து நாள் இருக்கிறது. பத்து நாளில் மனிதன் என்னென்னவோ செய்திருக்கிறான்.

முதல் வேலையாக ஸ்லைடு பெட்டியின் மூடி இடுக்கில் வெல்லம் தடவினேன். எறும்புகள் வரிசையாக வந்தன. வெல்லத்தைத் தின்றன. போய்விட்டன.

ஜனவரி 12

கைடு போன் பண்ணினார். குருவி கிடைத்த செய்தி அவருக்குப் போயிருந்தது. இருபதாம் தேதி நேரில் வருகிறாராம். ஆறுமணிக் குருவி ஸ்லைடைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம். போனை வைத்த கையோடு குளிர் வந்துவிட்டது. அவர் குரலுக்கு அப்படி ஒரு சக்தி.

ஜனவரி 13

நல்ல பசி. மனசும் துணிந்திருந்தது. நேராக மேடத்திடம் போய், 117ஆம் ஸ்லைடைப் படம் எடுக்க வேண்டும், கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டேன்.

அவர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சுவரைக் காட்டினார். அங்கே விதிமுறைத் தாள் ஒட்டியிருந்தது. படித்து முடிக்காத ஸ்லைடை யாரும் பெட்டியிலிருந்து எடுக்கக் கூடாது, படிப்பவருக்கு அது எந்தப் பறவை என்றும் சொல்லக் கூடாது. "அடியில கையெழுத்து உங்களுதுதான் சார்" என்றார்.

என் கையெழுத்துதான். தேதியும் போட்டிருக்கிறேன்.

ஜனவரி 14

போகி. தெருவெல்லாம் பழைய பாயும் டயரும் எரித்தார்கள். அந்தப் புகை ஒத்துக்கொள்ளாமல் மூன்றரை மணியிலிருந்து படுத்துவிட்டேன்.

சந்தனசாமி அண்ணன் சுக்குக் காபி கொண்டுவந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். "தம்பி, ஒருநா உட்டு ஒருநா படுக்குறீங்க. மொறக்காச்சலா இருக்கப் போவுது. ஆஸ்பத்திரில காட்டிருங்க" என்றார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மலேரியாவைப் பற்றி இருநூறு பக்கம் எழுதியிருக்கிறேன். வந்தால் எனக்குத் தெரியாதா? காபியில் சுக்கு அதிகம்.

ஜனவரி 15

பொங்கல். சந்தனசாமி அண்ணன் வீட்டில் சாப்பாடு. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். உடம்புக்கு ஒன்றுமே இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஜனவரி 16

மாட்டுப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டினார்கள். குளிர் எனக்கு வந்தது.

ஜனவரி 17

இன்னொரு ஆறுமணிக் குருவியைப் பிடித்து அதன் ரத்தத்தை இன்னொரு 117இல் தடவி மாற்றிவிடலாம் என்று ஒரு வாரமாக மூன்றாம் வலையிலேயே காவல் இருக்கிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் புதருக்குள்ளிருந்து கூப்பிடுகிறது. வலைப் பக்கம் வருவதில்லை. இன்று கிடைத்தவை மூன்று தவிட்டுக்குருவி, ஒரு வௌவால், சந்தனசாமி அண்ணனின் சட்டைப் பொத்தான்.

ஜனவரி 18

காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டர்தான் நூற்று மூன்று காட்டுகிறது. பழைய தெர்மாமீட்டர்.

ஜனவரி 19

வீட்டைப் பெருக்கினேன். நூற்றைம்பதாவது பறவையும் கிடைத்துவிட்டது. ஜெசிந்தா மேடம் ஸ்லைடுகளை அடுக்கிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னார். இங்கே வேலை மூன்று மாதம்தானாம். கைடு சார் பார்த்துத் திருப்தி என்றால் அடுத்த வருஷத்துக்கும் எழுதிக் கொடுப்பாராம். அதற்காகவே ஒவ்வொரு ஸ்லைடையும் இரண்டு தடவை சாயத் தண்ணீர் சரிபார்த்துப் போட்டிருக்கிறாராம். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது மேடம் என்றேன். நிஜமாகவே நன்றாகத்தான் வந்திருக்கின்றன.

கண்ணாடி முன்னால் நின்று, "சார், ஒரு சின்ன விஷயம்" என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் வாய் போகவில்லை.

ஜனவரி 20

கைகள் இப்போதுதான் எழுதும் நிலைக்கு வந்திருக்கின்றன.

ஆவுடையப்பன் சார் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். வறுத்த கெளுத்தி மீனைப் பாராட்டினார். இரண்டே முக்காலுக்கு எழுந்து கை கழுவிவிட்டு, "ஆறுமணிக் குருவியை எடுங்கம்மா" என்றார்.

மேடம் விதிமுறைத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கைடு கேட்டால் கொடுக்க வேண்டியதுதானே. அவர் பறவை நோட்டில் எண்ணைப் பார்த்து, பெட்டியைத் திறந்து 117ஐ எடுத்து, எண்ணெய்த் துளி விட்டு, முதலில் தானே குனிந்து குவியம் சரிபார்த்தார். சரிபார்க்க எப்போதும் பத்து நொடி ஆகும். இன்று எழவில்லை. ஸ்லைடை மெல்ல நகர்த்தினார். இன்னும் நகர்த்தினார். வாயில் இருந்த கடலையை மெல்லுவது நின்றுவிட்டது. பிறகு எழுந்து இடம் விட்டார்.

சார் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் தொடையைத் தட்டினார்.

"ஏ இளஞ்சேரா, மோதிரம்வே! இங்கன ஒண்ணு, அங்கன ரெண்டு. அசல் பிளாஸ்மோடியம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மோதிரம் என்றால் செல்லுக்குள் வளையமாகக் கிடக்கும் இளங்கிருமி. அந்த ஸ்லைடில் எதுவும் இருக்கக் கூடாது. சார் அதற்குள் மாநாட்டு மேடையில் ஏறிவிட்டார். இந்தக் குருவியில் இப்படி ஒரு மலேரியாக் கிருமியைத் தான் பார்த்ததே இல்லை, புது இனமாகக்கூட இருக்கலாம், பெயர் வைக்கிற பாக்கியம் நமக்கு வரலாம் என்றார். எந்தப் பெயர் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஆவுடையப்பன் என்பதை லத்தீனில் எப்படி முடிப்பது என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தது கேட்டது.

அப்புறம் நெற்றியைச் சுருக்கினார். ஒரு செல்லிலும் கரு தெரியவில்லை என்றார். கிருமி ஏறிய செல்களுக்குக் கரு ஓரமாகவாவது தெரிய வேண்டும், சும்மா கிடக்கிற செல்களுக்கும் இல்லையே என்றார். அவரே காரணமும் கண்டுபிடித்தார். சாயம் ஏறவில்லை. "என்னம்மா இது? கெடைக்காத குருவி கெடைச்சிருக்கு, கருவுக்குச் சாயம் ஏத்தத் தெரியலையே. ஒன்பது வருஷ அனுபவம்னு எழுதியிருந்தீங்க. அடுத்த வருஷத்துக்கு நான் வேற ஆளைத்தான் பாக்கணும்" என்றார்.

ஜெசிந்தா மேடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, முகத்திலேயே இருந்தது. சொல்லாமல் என் பக்கம் திரும்பினார்.

"சார், அந்தப் பறவை இப்ப எங்க இருக்குன்னு தெரியுமா? அதுக்கு இன்னைக்கு மூணரை மணிக்குக் குளிர் வரும். மாத்திரை குடுக்கலன்னா மண்ணீரல் வீங்கிரும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இருபத்தைந்து. அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. சட்னி, சாம்பார், போகிப் புகை, கைடு குரல் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு. என் கைப்பட, என் டைரியில். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: முதலில் எனக்கு வந்தது பெருமைதான். மைக்ராஸ்கோப்பில் ஒரு புலத்துக்கு, அதாவது ஒரு பார்வை வட்டத்துக்கு, மூன்று மோதிரம் என்றால் நல்ல தொற்று. அதற்கப்புறம்தான் பயந்தேன்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்குப் பட்டம், சாருக்குப் புது இனம். இந்த அம்மாவுக்கு மட்டும் வேலை போகும், அதுவும் எந்தத் தப்புக்காக என்றால் எந்தச் செல்லிலும் இல்லாத கருவுக்குச் சாயம் போடாத தப்புக்காக. எனக்குத் தாங்கவில்லை.

"சாயம் சரியாத்தான் இருக்கு சார்" என்றேன். "கரு இல்லை. அது குருவி ரத்தம் இல்ல. என் ரத்தம்."

சார் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். குருவி தப்பித்த கதையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது சொல்கள் துண்டு துண்டாக வந்தன, பல் அடித்துக்கொண்டது. மேடம் கடிகாரத்தைப் பார்த்து, "மூணு முப்பத்திரண்டு" என்றார். சந்தனசாமி அண்ணன் காய்ந்துகொண்டிருந்த வலையையே எடுத்து என்மேல் போர்த்தினார். வலையில் என்ன கதகதப்பு இருக்கப் போகிறது? ஆனாலும் போர்த்தினார்.

சார் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குப் பழக்கம். "உன் ரத்தத்த நான் உறிஞ்சுதேன்னுதான் ஆறு வருஷமா ஊருபூராப் பேச்சு. இப்ப ஸ்லைடுலயே ஏத்திட்டியேவே" என்றார். பிறகு ஜெசிந்தா மேடத்திடம் கையெடுத்துக் கும்பிட்டு, தப்பாப் பேசிட்டேன்மா என்றார். கெளுத்தி மீன் தந்த சந்தோஷமெல்லாம் அவர் முகத்திலிருந்து போய்விட்டது.

ஜனவரி 21

ஆரம்ப சுகாதார நிலையம். விரலில் குத்திப் பார்த்து வைவாக்ஸ் மலேரியா என்று உறுதி செய்தார்கள். ஒரு மாத்திரை மூன்று நாளைக்கு, இன்னொன்று பதினான்கு நாளைக்கு. சுகாதார ஆய்வாளர் வந்து எங்கே போனேன், எங்கே படுத்தேன், பக்கத்தில் யார் யார் என்று எல்லாம் கேட்டு எழுதினார். என்ன வேலை என்றும் கேட்டார். மலேரியா ஆராய்ச்சி என்றேன். பேனாவை நிறுத்தி ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதினார். இதுவரை வேறு யாருக்கும் காய்ச்சல் இல்லை. சந்தனசாமி அண்ணனுக்கு மட்டும் ஏதாவது ஆகியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

சார் ஊருக்குக் கிளம்பும் முன் தீர்ப்புச் சொன்னார். 117 நீக்கப்படும். ஏன் நீக்கினோம் என்று ஆய்வேட்டில் மழுப்பாமல் எழுத வேண்டும். ஒன்று பொய் என்றால் மீதி நூற்று நாற்பத்தொன்பதும் சந்தேகம்தான், ஆகவே எல்லாவற்றையும் முதலிலிருந்து ஜெசிந்தா மேடம் மறுபடி படிப்பார், அதற்காக அவருக்கு இன்னும் ஒரு வருஷம். எனக்கும் இன்னும் ஒரு வருஷம். மாநாட்டுக்காரர்களுக்கு, பிடிக்காத குருவியை முன்கூட்டியே எழுதிவிட்டேன் என்று தானும் ஒரு கடிதம் போட வேண்டியிருக்கிறது என்று பஸ் படியில் நின்றுகொண்டு சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 22

லேசாகச் சூடு. மாத்திரை கசப்பு. காரணம் எதுவும் எழுதவில்லை.

ஜனவரி 24

மூன்றரை மணிக்கு மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். சந்தனசாமி அண்ணன் மடியில் போர்வை தயாராக இருந்தது. மூன்று நாற்பது. நான்கு. வரவில்லை. அண்ணனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்று நினைக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை இங்கே எழுதுவதில் வெட்கம் இல்லை.

ஜனவரி 25

நீக்கக் காரணம் எழுத உட்கார்ந்தேன். "தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்" என்று ஆரம்பித்து அடித்துவிட்டேன். "களப்பணியின்போது நேர்ந்த கலப்பால்" என்று எழுதி அதையும் அடித்தேன். சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒரே வரி எழுதினேன்: பறவை தப்பிவிட்டது, நான் என் ரத்தத்தைத் தடவினேன். படித்துப் பார்த்தேன். ஆய்வேட்டிலேயே தெளிவான வரி அதுதான்.

ஜனவரி 28

ஏழாம் நாள் ஸ்லைடு. சுகாதார நிலையத்துக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று ஜெசிந்தா மேடம் என் விரலில் குத்தி இரண்டு எடுத்தார். ஊசி ஏறும்போது நான் கத்தினேன். நூற்றைம்பது பறவையைக் குத்தியவர் இப்படிக் கத்தலாமா என்று கேட்டார். பறவைகள் என்ன நினைத்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

எங்களுடையதை நானே படிக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். நூறு புலம் போதும், நான் இருநூறு பார்த்தேன். மோதிரம் இல்லை, எதுவுமே இல்லை. வெறும் சிவப்பணுக்கள், நடுவில் ஒன்றுமில்லாமல் வட்டமாக, பார்க்கப் பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது. பதிவேட்டில் நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேடத்திடம் நீட்டினேன்.

அவர் பதிவேட்டை மூடி ஓரமாக வைத்தார். ஸ்லைடை வாங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்து, முதல் புலத்திலிருந்து தானே எண்ண ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

"நெகட்டிவ்தான் சார்" என்றார் கடைசியில்.

நான்தான் எழுதிக் கொடுத்தேனே என்றேன்.

"117க்கு நேரா ஆறுமணிக் குருவின்னு எழுதினதும் நீங்கதான் சார்" என்று சொல்லிவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையெழுத்தைப் போட்டார்.